பாட்டி வீட்டு ஜன்னல் கதவும் நூல் புடவைகளும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் இருந்த எங்கள் பாட்டி வீட்டை இந்தத் தை மாதம் இடித்தார்கள். மரச்சாமான் எல்லாவற்றையும் இடிக்க வந்தவர்களே விலை பேசி எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் அடம்பிடித்து அடுக்களைக் கதவையும் 4 ஜன்னல் கதவுகளையும் வாங்கி வந்தேன். கூடவே பாட்டியின் டிரங்குப் பெட்டி. அதில் 14 நூல் புடவைகள், ஒரு பட்டு.

வீடியோ பார்த்து ஜன்னல் கதவில் சுவர் அலமாரி செய்ய ஆரம்பித்தேன். முதல் ஆணியிலேயே பலகை ஓரத்தில் பிளந்துவிட்டது. சுங்குடிப் புடவை ஒன்றில் தோள்பை தைத்தேன். இரண்டாம் நாளே உருளைக்கிழங்கின் கனம் தாங்காமல் பிடி கையோடு வந்துவிட்டது. இப்போது நானும் 6 வயது மகளும் சாயங்காலமானால் மொட்டைமாடியில் உட்கார்ந்து கதவின் பச்சைப் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம். "பிளைவுட்டில் புதுசாகவே வாங்கிவிடலாம், இதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடு" என்கிறார் என் கணவர். அவர் சொல்வதுதான் சரியோ என்று இருக்கிறது. பாட்டி மேல் இருக்கும் ஏக்கத்தில்தான் இதையெல்லாம் கட்டி வைத்திருக்கிறேனா? உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

மற்றதெல்லாம் அப்புறம். பெயிண்டைத் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். மகளை அந்தக் கதவின் பக்கம் விடாதீர்கள்.

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் கலந்திருப்பது மிகச் சாதாரணம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு ஈயம் சேர்ந்த நிறமிகளைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். வீடுகளுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல் வந்தது; 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பாட்டி வீட்டுக் கதவு அதற்கு எத்தனையோ வருடம் முந்தியதாக இருக்கும். கதவில் ஒட்டியிருக்கும்வரை அந்தப் பெயிண்டால் பெரிய தொந்தரவு இல்லை. உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போதுதான் அது மாவாகிக் காற்றில் ஏறுகிறது. குழந்தையின் கையிலும் வாயிலும் போகிறது. எவ்வளவு குறைவாக இருந்தாலும் குழந்தையின் உடம்பில் ஈயம் சேர்வது கெடுதல் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனம் பதறினால் குழந்தை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

மொட்டைமாடியைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டித் தூக்கிப்போட்டுவிடுங்கள். பெயிண்டை எடுத்தே ஆகவேண்டும் என்ற இடத்தில் மட்டும், பலகையை நனைத்து, ஈர உப்புத்தாளால், நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு நீங்கள் தனியாகச் செய்யுங்கள். முடித்ததும் குளித்து உடை மாற்றுங்கள். ஊதுவிளக்கு வைத்து எரித்து எடுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அந்தப் புகை தூசியைவிட மோசம். என்னைக் கேட்டால், கை படாத பக்கத்தில் இருக்கும் பெயிண்ட் உதிராமல் இறுகியிருந்தால் அப்படியே விட்டு, மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துவிடலாம்.

சரி, இப்போது பிளந்த பலகை. ஜன்னல் கதவு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நான்கு பக்கமும் சட்டம், நடுவில் மெல்லிய பலகை. அந்த நடுப்பலகையைப் பெருவிரலால் அழுத்தினால் துளி அசையும். சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. பசையும் இல்லை, ஆணியும் இல்லை. செய்த ஆசாரி தெரிந்தேதான் அப்படி விட்டிருக்கிறார். மரம் நீளவாக்கில் அனேகமாக மாறுவதே இல்லை. அகலவாக்கில் ஐப்பசி மழைக்கு உப்பும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும். காடிக்குள் இடம் இருப்பதால் பலகை தன் போக்கில் உப்பிச் சுருங்கிக்கொள்கிறது, விரிசல் விடுவதில்லை. டெல்டாவில் இத்தனை மழைக்காலம் பார்த்த கதவு இன்னும் முழுசாக இருக்கிறது என்றால் அந்த இடைவெளிதான் காரணம்.

நீங்கள் அந்தப் பலகையின் ஓரத்திலேயே ஆணி இறக்கியிருக்கிறீர்கள். பல வருடம் காய்ந்து இறுகிய மரம் ஆணிக்கு வழிவிடாது. ஆணி ஆப்பு மாதிரி வேலை செய்து ரேகை ஓடும் திசையிலேயே பிளந்துவிடும். பழைய மரத்தில் ஆணியே வேண்டாம். திருகாணியின் தண்டைவிடத் துளி சின்னதாக முதலில் துளை போடுங்கள். ஓரத்திலிருந்து குறைந்தது ஒன்றரை அங்குலம் உள்ளே. திருகாணியின் மரையில் சலவை சோப்பைத் தடவிவிட்டு முடுக்குங்கள், சிரமமில்லாமல் இறங்கும்.

துளை போடுவதற்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தை எடுத்துப் பலகை முழுக்க மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தலை ஒடிந்து உள்ளே நிற்கும் ஆணிகள் கண்ணுக்குத் தெரியாது. காந்தம் இழுக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். என் முதல் இழைப்புளியின் அலகு அப்படி ஒரு ஆணியில் மோதித்தான் பல்லுப்பல்லாய்ப் போனது. சின்னச் சின்ன ஓட்டையிலிருந்து புதுசாக மாவு கொட்டும் துண்டுகளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் வெளிறிய ஓரப்பகுதியில்தான் இது இருக்கும். வைரம் பாய்ந்த நடுமரத்தை அது சுலபத்தில் தொடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாட்டி வீட்டுக் கதவைச் சுவரில் மாட்டி, அதில் நாலு கொக்கி அடித்து, பக்கத்தில் ஒரு விளக்கு வைத்தால் படத்துக்கு அழகாக இருக்கும். ஒரு வருடத்தில் அதில் தூசி படியும், பிறகு யாரும் அதைப் பார்க்கக்கூட மாட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் நிலைகளும் தூண்களும் அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பர்மாத் தேக்கு. கப்பலில் வந்து, தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டைத் தாங்கிய மரம். அதில் கொஞ்சம் எங்கேயோ ஒரு ஓட்டல் வரவேற்பறையில் அலங்காரமாக நிற்கப்போகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கதவு ஒரு நாளைக்கு நூறு தடவை கை பட்ட பொருள். அதற்கு அதே மாதிரி ஒரு வேலை கொடுங்கள். தினமும் தொடுகிற, உட்காருகிற, போர்த்துகிற பொருளாக அது மாறட்டும்.

அதனால் சுவர் அலமாரியை விட்டுவிட்டு மணையில் ஆரம்பியுங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட, காய் நறுக்க, மகள் எழுத. அடுக்களைக் கதவு பெரும்பாலும் பின்னால் குறுக்குச் சட்டம் கொடுத்த பலகைக் கதவாக இருக்கும். அதிலிருந்து ஒன்றரை அடி நீளத்துக்கு இரண்டு பலகைத் துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் இடைவெளி விடுங்கள். பசை தடவ வேண்டாம். அடியில் இரண்டு அங்குல உயரச் சட்டங்கள் இரண்டைக் குறுக்கே கொடுத்து, கீழிருந்து திருகாணி முடுக்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் இருக்கும் திருகாணி இறுக்கமாக இருக்கட்டும். ஓரத்துத் திருகாணிகளுக்குச் சட்டத்தில் போடும் துளையைக் கொஞ்சம் நீளவட்டமாக அகட்டிவிடுங்கள். மழைக்குப் பலகை நகர அது போதும். ஜன்னல் கதவின் காடி செய்யும் வேலையைத்தான் அந்த நீளத்துளையும் செய்கிறது.

ஜன்னல் கதவுகளைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்தால் கிடைப்பது மெல்லிய பலகையும் துண்டுச் சட்டமும்தான். ஒரு ஆசாரி கழுந்து வைத்து, அதாவது ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகி, கோத்த மூட்டு, அதைவிட நன்றாக நம்மால் செய்ய முடியாது. முழுசாகவே வைத்துக் கீழே கால் கொடுத்தால் குட்டை மேசை. துணிப்பெட்டிக்கு மூடி. மணை இரண்டு செய்து கை பழகிய பிறகு அதைத் தொடுங்கள்.

பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய் நல்லது. துணியில் தொட்டுத் தேய்த்து, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஆனால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல், யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். பட்டறைகள் இப்படி எரிந்ததுண்டு. துணியைத் தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள்.

புடவைக்கு வருவோம். தோள்பை பிய்ந்ததில் உங்கள் தையலின் குற்றம் குறைவு. கனம் முழுவதையும் பிடி தைத்த இரண்டு அங்குலத்தில் ஏற்றிவிட்டீர்கள், நைந்த துணிக்கு அது முடியாது. பிடிக்கு மட்டும் புது நாடா வாங்குங்கள். அதைப் பையின் வாயோடு நிறுத்தாமல் இரண்டு பக்கமும் கீழே இறக்கி அடிப்பக்கத்தைச் சுற்றித் தையுங்கள். அப்போது உருளைக்கிழங்கை நாடா சுமக்கும், புடவை வெறும் உறையாக இருக்கும். நூலும் கவனியுங்கள். பழைய நூல் துணியைப் பாலியெஸ்டர் நூலால் தைத்தால் நூல் அறாது, துணியைத்தான் அறுக்கும். பருத்தி நூலே போடுங்கள்.

ஆனாலும் 14 புடவைகளையும் பை தைத்துத் தீர்ப்பதை நான் விரும்பவில்லை. பல வருடம் துவைத்த நூல் புடவைக்கு இருக்கும் மெதுமை கடையில் கிடைக்காது. பிறந்த குழந்தையைப் பழந்துணியில் கிடத்துவது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. புதுத்துணி சொரசொரக்கும் என்று பாட்டிமார்களுக்குத் தெரியும். அந்த மெதுமைக்கு ஏற்றது போர்வைதான்.

கணக்கு சுலபம். 6 கஜப் புடவை ஏறக்குறைய 5.5 மீட்டர். மூன்றாக மடித்தால் 6 அடி நீளம். அகலம் 45 அங்குலம் இருக்கும். ஆக, ஒரே புடவை மூன்று அடுக்குப் போர்வை ஆகிவிடுகிறது, கத்தரிக்கோலே வேண்டாம். இன்னும் கனம் வேண்டுமென்றால் ரொம்ப நைந்த புடவை ஒன்றையும் அதேபோல் மடித்து நடுவில் வையுங்கள். கிழிசல் உள்ளே போய்விடும், நல்ல பக்கம் வெளியே. தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நாலு மூலையிலும் அம்மிக்குழவி மாதிரி கனமானதை வைத்து, பெரிய தையலாக முதலில் தற்காலிகமாக ஓட்டிக்கொள்ளுங்கள். பிறகு விரற்கடை இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத்தையல், ஊசியை மேலும் கீழுமாக நேர்கோட்டில் ஓட்டுவதுதான். வேறு எந்தத் தையலும் தெரியவேண்டியதில்லை. வங்காளத்தின் காந்தா என்ற தையல் போர்வை இப்படித்தான் வந்தது. பழைய புடவைகளை அடுக்கி, அதே புடவையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் தைத்தார்கள்.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்திகள் என்ற மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர். அங்கே பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையில் ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். துண்டுத்துணி எந்த அளவில் கிடைக்கிறதோ அந்த அளவிலேயே அதற்கு இடம் கிடைக்கும். கடைசியில் நான்கு மூலையிலும் சின்னதாக மடித்த துணியைப் பூ என்று தைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. பிய்ந்துபோன சுங்குடிப் பையை எறிந்துவிடாதீர்கள். உங்கள் போர்வையின் நான்கு மூலைக்கு அதில் துணி இருக்கிறது.

புடவைகளைத் தரம் பிரிப்பது இப்படி: ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கொசுவம் வந்த இடமும் உட்கார்ந்த இடமும் சல்லடையாகத் தெரியும். முந்தானை அனேகமாகப் புதுசு போலவே இருக்கும். பெட்டியில் வருடக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்ததால் மடிப்புக் கோட்டிலும் விட்டிருக்கலாம், இரண்டு பெருவிரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கஞ்சி இருந்தால் அலசிவிடுங்கள், பூச்சி அதைத் தேடித்தான் வரும். பட்டுப் புடவையை வெட்ட வேண்டாம், வெள்ளிச் சரிகைக்காகத் தெருவில் கூவி வருபவரிடம் போடவும் வேண்டாம். மடிப்பை மாற்றி மாற்றி மடித்து, பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். அதை என்ன செய்வது என்று உங்கள் மகள் பிறகு முடிவு செய்யட்டும்.

உங்கள் கணவர் சொல்வதையும் நான் தள்ளவில்லை. வீட்டில் இடம் என்பது நிஜமான பிரச்சினை. பிளந்த பலகை, மாவு கொட்டும் சட்டம், பெயிண்ட் உதிரும் துண்டு, இவற்றைப் போட்டுவிடுங்கள். ஆனால் மலிவான பலகையில் செய்த மேசை ஒரு தடவை தண்ணீர் ஊறினால் உப்பிப்போகும், அப்புறம் அதைப் பழுதுபார்க்கவும் முடியாது. கதவு மரத்தில் செய்த மணையை 30 வருடம் கழித்தும் திருகாணியைக் கழற்றி வேறொன்றாக மாற்றலாம். ஏக்கம் இருக்கட்டுமே. ஏக்கம் இல்லாதவர் அந்த இடிபாட்டில் நின்று கதவைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்.

முதல் மணை முடிந்ததும் அந்த ஒரு ரூபாய் இடைவெளியைப் பென்சிலால் அடியில் குறித்து வையுங்கள். கார்த்திகையில் திரும்ப ஒரு தடவை காசை நுழைத்துப் பாருங்கள். நுழைகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.