முன் பெஞ்சுக்கு மாறினால் பெயர் கிடைக்குமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்திருக்கிறேன். வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இங்கிலீஷில் பொளந்துகட்டும் நாலைந்து பேரைத்தான் பேராசிரியர்களுக்குத் தெரிகிறது. எனக்கு வாய் திறக்கவே பயம். இன்டர்னல் மார்க்கை நினைத்தாலும் பயம். முன் பெஞ்சுக்கு மாறட்டுமா? ஆசிரியர் தினத்துக்குத் தனியாகப் பரிசு கொடுக்கலாமா?

பதில்: பரிசெல்லாம் வேண்டாம் தம்பி. வகுப்பே சேர்ந்து கேக் வெட்டினால் உங்கள் பங்கைக் கொடுங்கள், போதும். தனியாகப் போய் நீட்டினால் வாங்குகிறவருக்கும் சங்கடம், பார்க்கிறவர்களும் ‘ஐஸ் வைக்கிறான்’ என்பார்கள். முன் பெஞ்ச்? போர்டு சரியாகத் தெரியாவிட்டால் மாறுங்கள்.

அறுபது பேர் இருக்கும் வகுப்பில் மூன்றாவது வாரத்தில் பேசுகிறவர்களின் முகம் மட்டும்தான் பதியும். அதையே நல்ல பெயர் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். பேராசிரியர் ஒரு மாணவரை நிதானமாகக் கவனிக்கும் இடம் லேப்.

கம்பியில் தொங்கும் தட்டை முறுக்கிவிட்டு அலைவை அளக்கும் டார்ஷனல் பெண்டுலம் சோதனையைச் செய்கிறீர்கள் என்று வையுங்கள். பத்து அலைவுக்கான நேரத்தை இரண்டு தடவை எடுக்கிறீர்கள், ஒத்தே வரவில்லை. பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதிக்கொள்வதுதான் ஊர் வழக்கம். வருஷக்கணக்கில் அதே சோதனையை நடத்துகிறவருக்கு எது எடுத்த ரீடிங், எது காப்பியடித்த ரீடிங் என்று நோட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். நீங்கள் நோட்டோடு போய், “சார், ரெண்டு தடவையும் வேற வேற வருது, எங்க தப்பு பண்றேன்?” என்று கேளுங்கள். அவர் எழுந்து வந்து, தட்டு முறுக்கிச் சுழல்வதோடு பக்கவாட்டிலும் ஆடுகிறதா என்று பார்ப்பார். அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் பெயரையும் கேட்டுவிடுவார். அன்றைக்கே கணக்கை முடித்து அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் ரெக்கார்டு நோட்டும் கையுமாக ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். அதில் நீங்கள் இருக்க வேண்டாம்.

சந்தேகம் கேட்பதும் இப்படித்தான். “மேட்ரிக்ஸ் புரியல மேடம்” என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார், பாவம்? “ஐகன் வேல்யூ வந்துடுச்சு மேடம். வெக்டர் போடும்போது மூணு சமன்பாடும் ஒண்ணாவே வருது, அப்புறம் என்ன செய்யறது?” என்று போட்டவரைக்கும் காட்டுங்கள். தமிழிலேயே கேளுங்கள். உங்களைப் போலத் தமிழ் வழியில் படித்து வந்த பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அடுத்த வகுப்புக்கு ஓடுகிறவரை வராந்தாவில் மறித்து மட்டும் கேட்காதீர்கள். எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்டர்னல் பயம் நியாயம்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2017 விதிமுறையில் தியரிக்கு நூற்றுக்கு 20ஆக இருந்த இன்டர்னல், 2021 விதிமுறையில் 40 ஆனது. ஆனால் அது வணக்கம் வைப்பதற்குப் போடும் மார்க் இல்லை. டெஸ்ட், அசைன்மென்ட் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதில் வருவது. முதல் டெஸ்ட்டை விட்டுவிடாதீர்கள்.

வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் யாரிடம் எவ்வளவு நல்ல பெயர் இருந்தும் கெஞ்சத்தான் வேண்டும். காய்ச்சலில் படுத்துவிட்டால் அன்று காலையே கிளாஸ் அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்: பெயர், பிரிவு, ரோல் நம்பர், காரணம், எல்லாம் ஒரே செய்தியில். வெறும் ‘ஹாய் சார்’ போட்டுவிட்டு ப்ளூ டிக்குக்குக் காத்திருக்க வேண்டாம்.