பழைய காரில் இண்டிகேட்டர் சுவிட்ச் கோளாறு: கேள்வி பதில்

மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், பத்மினி போன்ற பழைய வண்டிகள் வைத்திருப்பவர்கள் கேட்டவை இங்கே. ஸ்டீயரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டிக்கு இதில் சொல்லும் கழற்றும் முறை பொருந்தாது. அதைத் தெரிந்த ஆளிடம்தான் விடவேண்டும்.

கேள்வி: சார், 1997 மாருதி 800. இடது பக்கம் போட்டா நல்லா எரியுது. வலது பக்கம் போட்டா ஒண்ணுமே இல்ல. மெக்கானிக் சுவிட்சையே மாத்தணும்ங்கிறார். மாத்திடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஒரு பக்கம் ஒழுங்காக எரிந்தால் ஃப்யூஸும் ஃப்ளாஷரும் (லைட்டை மின்ன வைக்கும் ரிலே) நன்றாக இருக்கின்றன. அடுத்து ஹசார்டை (எல்லா இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்ன வைக்கும் சுவிட்ச்) போடுங்கள். அதில் வலது பக்கமும் மின்னினால் பல்பு, வயர், எர்த் மூன்றிலும் குற்றம் இல்லை. சுவிட்ச் அல்லது அதன் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்)தான் காரணம். ஹசார்டிலும் வலது பக்கம் செத்துக் கிடந்தால் சுவிட்சைத் தொடவே வேண்டாம், பல்பு ஹோல்டரிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

சுவிட்ச்தானா என்று உறுதி செய்ய, ஸ்டீயரிங் காலத்தின் (வீலைத் தாங்கும் தண்டுப் பகுதி) கீழ் கவரைக் கழற்றி கப்ளரைப் பாருங்கள். ஃப்ளாஷரிலிருந்து வரும் வயரையும் வலது பக்கத்துக்குப் போகும் வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் வலது பக்கம் மின்ன வேண்டும். மின்னினால் சந்தேகமே இல்லை.

மல்டிமீட்டரில் ஓம் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு 21 வாட் பல்பு இரண்டு, சைடில் 5 வாட் ஒன்று. மொத்தம் 47 வாட், அதாவது ஏறக்குறைய 4 ஆம்பியர். மீட்டர் அனுப்பும் துளி கரண்டுக்கு வழிவிடும் கான்டாக்ட், 4 ஆம்பியர் வந்ததும் மூச்சுத் திணறும். ஃப்ளாஷரைப் பிடுங்கி அதன் சாக்கெட்டில் பி (கரண்ட் வரும் முனை), எல் (லைட்டுக்குப் போகும் முனை) இரண்டையும் வயரால் இணையுங்கள். இப்போது லைட் மின்னாமல் நின்று எரியும். அந்த நிலையில் சுவிட்சுக்கு உள்ளே போகும் வயருக்கும் வெளியே வரும் வயருக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கான்டாக்ட் கருகியிருக்கிறது.

கேள்வி: ஹசார்டு வேலை செய்யுது, இண்டிகேட்டர் மட்டும் ரெண்டு பக்கமும் இல்லை. சுவிட்ச் போச்சா?

பதில்: இரண்டு பக்கமும் ஒரே நாளில் போவது அபூர்வம். முதலில் ஃப்யூஸ்: ஹசார்டுக்கு நேராக பேட்டரியிலிருந்து ஒரு லைன், இண்டிகேட்டருக்கு சாவி வழியாக இன்னொரு லைன். இரண்டுக்கும் ஃப்யூஸ் வேறு. ஃப்யூஸ் நன்றாக இருந்தால் ஹசார்டு சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். பல வண்டிகளில் இண்டிகேட்டருக்கான கரண்ட் ஹசார்டு சுவிட்சின் வழியாகத்தான் ஃப்ளாஷருக்குப் போகிறது. வருஷக்கணக்கில் யாரும் அதை அழுத்துவதில்லை, கான்டாக்டில் பாசி பிடித்துவிடும். 20, 30 தடவை ஆன் ஆஃப் செய்யுங்கள். உயிர் வந்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு அடித்து இன்னும் சில தடவை அழுத்தினால் போதும்.

கேள்வி: அண்ணா, கான்டாக்ட் கருகினது உறுதி. நானே பிரிச்சு சுத்தம் பண்ண முடியுமா?

பதில்: முடியும். அவசரம்தான் கூடாது.

பேட்டரி நெகட்டிவை 10 ஸ்பேனரால் கழற்றுங்கள். சக்கரங்கள் நேராக இருக்கட்டும். ஹாரன் பேடை எடுத்து அதன் வயரை உருவுங்கள். நடுநட்டுக்கு மாருதியில் 17 சாக்கெட். நட்டை முழுதும் எடுக்காமல் மூன்று நான்கு மரை விட்டு நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் வீல் திடீரென்று பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும். ஷாஃப்டிலும் வீலிலும் மார்க்கரால் ஒரே நேர்க்கோட்டில் கோடு போட்டுவிட்டு, இரு கையாலும் ஆட்டி ஆட்டி இழுங்கள். ஷாஃப்டின் தலையில் சுத்தியல் படவே கூடாது, மரையும் கெடும், ஸ்டீயரிங் காலமும் கெடும். வரவில்லையென்றால் புல்லர் (வீலை இழுத்தெடுக்கும் கருவி) போடுங்கள்.

கவர், பிறகு சுவிட்சின் ஸ்க்ரூக்கள், கப்ளர். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் பிரிப்பதைப் பெரிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். லீவரை நிலைநிறுத்தும் சின்ன ஸ்டீல் குண்டும் ஸ்ப்ரிங்கும் உள்ளே இருக்கின்றன. மூடி திறந்த நொடியில் பறந்துவிடும். அந்தக் குண்டு தொலைந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

உள்ளே தெரியும் கறுப்புப் பசை, காய்ந்த கிரீஸும் தேய்ந்த செம்புத் தூளும் கலந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷை நனைத்துத் தேயுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகள் அதில் விரிசல் விடும். கான்டாக்டைப் பென்சில் ரப்பரால் பளிச்சென்று ஆக்குங்கள். குழி விழுந்திருந்தால் மட்டும் 1000 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. முரட்டு உப்புத்தாள் மேல்பூச்சை உரித்துவிடும், ஆறு மாதத்தில் மறுபடி கருகும். தளர்ந்த தகட்டை அரை மில்லிமீட்டர் மேலே வளைத்தால் அழுத்தம் திரும்பும்.

குண்டு ஓடும் பள்ளத்தில் அரிசி அளவு சிலிக்கான் கிரீஸ், கான்டாக்டில் விரலால் துடைத்தது போல் மெல்லிய படலம். வீல் பேரிங் கிரீஸை அப்பிவைத்தால் தூளைப் பிடித்துவைத்துப் பழைய கறுப்புப் பசையையே உண்டாக்கும்.

மாட்டும்போது லீவர் நடுவில் இருக்கவேண்டும். வீலின் பின்னால் உள்ள காதுகள் சுவிட்சின் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே நட்டை இறுக்குங்கள். உட்காராமல் இறுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அதோடு புது சுவிட்ச்தான். மாருதிக்கு 30 முதல் 35 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும்.

கேள்வி: இடது பக்கம் திரும்பி முடிச்சதும் லீவர் தானா நடுவுக்கு வருது. வலதுக்கு மட்டும் வர மாட்டேங்குது.

பதில்: இரு பக்கத்துக்கும் தனித்தனி பிளாஸ்டிக் கொக்கி உண்டு. ஒன்று உடைந்திருக்கும், அல்லது அதன் ஸ்ப்ரிங் விலகியிருக்கும். திரும்பும்போது லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே இருப்பவர்கள் வண்டியில் இது சகஜம். ஸ்ப்ரிங் என்றால் திரும்ப மாட்டலாம். கொக்கி உடைந்தால் பசை நிற்காது, ஒவ்வொரு திருப்பத்திலும் அடி வாங்கும் இடம் அது. சமீபத்தில் யாராவது வீலைக் கழற்றியிருந்தால், ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: அம்பாசடர். பின்னால் இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மினுக்குது. புது சுவிட்ச் போட்டும் அப்படியே இருக்கு.

பதில்: சுவிட்சுக்குச் செலவழித்தது வீண்தான். இது எர்த் கோளாறு. விளக்குக் கூட்டின் எர்த் துருப்பிடித்து, கரண்ட் பக்கத்து பல்பின் வழியாகப் பாடிக்குப் போக வழி தேடுகிறது. கூட்டிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் வயர் போடுங்கள், பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த இடத்தில்.

கேள்வி: எல்இடி பல்பு போட்டதிலிருந்து படபடன்னு வேகமா அடிக்குது.

பதில்: எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் லோடு குறைந்தால் பல்பு போய்விட்டதாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டும். சரியான வேகம் நிமிஷத்துக்கு 60 முதல் 120 வரை. சிலர் 6 ஓம் ரெசிஸ்டர் மாட்டுவார்கள்; அது தொட முடியாதபடி சுடும், பக்கத்து பிளாஸ்டிக் உருகும். எல்இடிக்கான ஃப்ளாஷரை மாற்றுவதே நல்லது. பழைய வெப்பத் தகடு ஃப்ளாஷர் என்றால் கதை தலைகீழ்: லோடு குறைந்தால் மெதுவாக அடிக்கும், அல்லது மின்னாமல் நின்றே எரியும்.

கேள்வி: புது சுவிட்ச் வாங்கப் போறேன். கடையில் என்ன பார்க்கணும் சார்?

பதில்: பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் கப்ளர் மாறியிருக்கும். கப்ளரில் உள்ள பின்களின் (உலோக ஊசிகள்) எண்ணிக்கையும் அவை உட்கார்ந்த வரிசையும் ஒத்துப்போகவேண்டும். கடை மேசையிலேயே லீவரை இரு பக்கமும் தள்ளி, கொக்கியை விரலால் தட்டிப் பாருங்கள், சுத்தமாக நடுவுக்கு வரவேண்டும். பொருந்தாத கப்ளரை வெட்டிவிட்டு வயரைத் திருகி டேப் சுற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.