ஐஸ் மீனா?

வணக்கம் அண்ணா,

தண்டையார்பேட்டையில் நானும் நண்பனும் சின்னதாகப் பட்டறை நடத்துகிறோம். மீன் விற்கும் அக்காக்களுக்காக மூடி போட்ட பெட்டி ஒன்று செய்தோம். காலையில் போட்ட ஐஸ் சாயங்காலம் வரை நிற்கும். விலை 2,800 ரூபாய். காசிமேட்டில் காட்டியபோது எல்லாரும் "சூப்பர்ப்பா" என்றார்கள். மூன்று மாதத்தில் விற்றது 11. அதிலும் 2 திரும்பி வந்துவிட்டன. நம் ஜனங்கள் புதுசு எதையும் ஏற்க மாட்டார்களா? விளம்பரம் செய்து பார்க்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

விளம்பரத்துக்கு ஒதுக்கிய காசைத் தொடாதீர்கள். புதுசை ஏற்க மாட்டார்கள் என்று காசிமேட்டில் நின்றுகொண்டு சொல்லிவிடவும் வேண்டாம். கட்டுமரத்திலிருந்து ஃபைபர் படகுக்கு மாறிய ஜனம் அது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகப் படகுகள் வந்ததும் அந்த மாற்றம் இன்னும் வேகம் பிடித்தது. அந்த நிவாரணப் படகுகளுக்கு முதல் காசை வேறு யாரோ போட்டார்கள், அதையும் கவனியுங்கள்.

போன வாரம் எங்கள் தெருமுனை மீன்கார அக்கா பக்கத்தில், சங்கரா வாங்கும் சாக்கில், அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்னக்கூடை மேல் பலகை, பலகையில் மீன். வந்தவர்கள் விலை கேட்பதற்கு முன் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு அம்மா வயிற்றை அமுக்கிவிட்டு "ஐஸ் மீனா?" என்று நடையைக் கட்டினார். அக்காவிடம் ஐஸ் இல்லாமலில்லை. பின்னால், ஈரச் சாக்குக்கு அடியில் இருந்தது. உங்கள் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "மூடி போட்ட பொட்டில வச்சா நேத்து மீனுன்னு பூடுவாங்கண்ணே!"

மீன் கெடக்கூடாது என்று நீங்கள் யோசித்தீர்கள். அவருக்கோ மீன் கண்ணில் படவேண்டும். பெட்டியை வாங்குவது அக்காதான், ஆனால் அது வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது செவுளைத் தூக்குகிற அந்த அம்மா. அவரிடம் நீங்கள் பேசவே இல்லை. "சூப்பர்ப்பா" என்றவர்களிடம் அப்போதே நூறு ரூபாய் அட்வான்ஸ் கேட்டிருந்தால் பாதி விஷயம் அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்தது விலை. தண்டல் (தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும் கடன்) வாங்கி விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்கிறவர் கையில் மொத்தமாக 2,800 எப்படி நிற்கும்? அவர் கணக்கு ஒரு நாள் கணக்கு. இப்படிப்பட்டவர்களைப் பழக்க சிக் ஷாம்புக்காரர் என்ன செய்தார் என்று பாருங்கள். கடலூரில் 1983-ல் தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதன் ஷாம்பு பாக்கெட்டைக் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணனே பாக்கெட்டில் அடைத்து விற்றவர். சிக் ஷாம்புவுக்கு மகன் செய்தது வேறு. எந்தக் கம்பெனி காலிப் பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார். ஜனங்கள் பழகியதும், சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். பழகும்வரை ஆன நஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த ஷாம்புவைவிட இந்தத் துணிச்சல்தான் பெரிதாகப் படுகிறது.

நீங்களும் பெட்டியை விற்காமல் நாள் வாடகைக்கு விடலாமே. ஐஸ் உடைக்கும் இடத்திலேயே காலையில் எடுத்து, இரவில் திருப்பித் தரட்டும். தன் வியாபாரம் குறையும் என்று ஐஸ்காரர் முறைப்பார், அவருக்கும் வாடகையில் ஒரு பங்கு கொடுத்துவிடுங்கள்.

திரும்பி வந்த பெட்டிகள் பட்டறையில்தானே கிடக்கின்றன? ஒன்றின் மூடியைக் கழற்றி, மேலே மீன் பரப்ப ஒரு தட்டு பொருத்தி எடுத்து வாருங்கள். எங்கள் அக்காவிடம் ஒரு வாரம் சும்மா கொடுத்துப் பார்ப்போம். ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்று அவர் யாரிடமும் பேச மாட்டார்.