அப்பிச்சி கார் டூல்ஸ் பையில எது ஒரிஜினல்?

வேலந்தாவளத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க. அவங்க அப்பிச்சி (அம்மாவோட அப்பா) ஓட்டின 1929 ஃபோர்டு ஏ மாடல் இன்னும் தோப்பு ஷெட்ல நிக்குது, போன மாசம் மச்சை ஒழிக்கும்போது ஒரு கான்வாஸ் பை கிடைச்சுது, உள்ள ஸ்பேனர், பிளேயர், திருப்புளி, ஜாக்கி, காத்தடிக்கற பம்ப்புன்னு பதிமூணு உருப்படி, கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் வந்து மொத்தமா விலை பேசறாரு, இதுல எது வண்டியோட வந்தது எது நடுவுல சேர்ந்ததுன்னு எப்படிப் பாக்கறதுன்னு கேக்கறாரு. படமும் அனுப்பியிருக்காரு.

தம்பி, விலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல அந்தச் சாமானை யாரும் தேய்க்காம பாத்துக்கங்க. எமரி தாள் வேண்டாம், கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி ஓட்டறது வேண்டவே வேண்டாம், ஆசிட்ல முக்கறதும் கூடாது. நான் தொழில் கத்துக்கிட்ட காலத்துல ஆஸ்டின் செவன்னு ஒரு பழைய இங்கிலீஷ் கார் வேலைக்கு வந்துச்சு, அதோட ஸ்க்ரூ ஸ்பேனர்ல, அதாவது திருகி வாயைப் பெருசு சிறுசாக்கற ஸ்பேனர்ல, கிங் டிக்னு பேரு லேசா தெரிஞ்சுது, பளபளன்னு இருக்கட்டும்னு ஒரு பாலீஷ் பட்டறையில கொடுத்தோம், திரும்பி வந்தப்ப கண்ணாடி மாதிரி மின்னுச்சு, பேரைக் காணோம். பர்மிங்ஹாம்ல செஞ்ச சாமான்னு சொல்ல அந்த ஒரு எழுத்துதான் சாட்சி, அது போயிடுச்சு. வண்டிக்காரர் ஒண்ணும் சொல்லல, கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, அது இன்னும் எனக்கு மறக்கல.

அதனால மண்ணெண்ணெய்ல ரெண்டு நாள் ஊறப் போடுங்க, பழைய பல் பிரஷ்ல துடைங்க, துணியில ஒத்தி எடுங்க, அவ்வளவுதான். அப்புறம் இருட்டு ரூம்ல வெச்சு டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, துரு மேட்டுக்கு நடுவுல எழுத்தோட விளிம்பு நிழல் கட்டும். அப்பவும் தெரியலன்னா சாக்பீஸைப் பொடி பண்ணித் தடவித் துடைங்க, பள்ளத்துல மட்டும் வெள்ளை நிக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நிறைய பேர் நினைக்கறது, வண்டி கம்பெனி பேரு இருந்தாத்தான் ஒரிஜினல், இல்லாட்டி டூப்ளிகேட்டுன்னு. அப்படி இல்லீங்க. அந்தக் காலத்துல கார் கம்பெனிக்காரங்க பெரும்பாலும் ஸ்பேனரைத் தாங்களே அடிக்கல, வெளியில ஃபோர்ஜிங், அதாவது இரும்பைக் காய்ச்சி அடிச்சு உருவாக்கற கம்பெனிங்ககிட்ட மொத்தமா வாங்கிப் பையில போட்டுக் கொடுத்தாங்க. அமெரிக்காவுல பில்லிங்ஸ் அண்ட் ஸ்பென்ஸர், ஹெர்பிராண்ட், விளிசெக், வால்டன்னு அப்படிப் பல கம்பெனி, பில்லிங்ஸ் சாமான்ல முக்கோணத்துக்குள்ள ஒரு பி இருக்கும். இங்கிலீஷ் வண்டின்னா கிங் டிக் ஸ்பேனரு, ஷெல்லி ஜாக்கி இதெல்லாம் வரும். அதனால கம்பெனி பேரு இல்லைங்கற ஒரே காரணத்துக்காக எதையும் பழைய இரும்பு வாங்கற ஆக்ரிக்கடைக்குத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஆனா ஃபோர்டு தன் பேரைச் சாமான்ல போட வைக்கறதுல கறாரு, சாய்ஞ்ச கையெழுத்து மாதிரி ஃபோர்டுன்னு மேடா இருக்கும் இல்லாட்டி குத்தியிருக்கும். ஏ மாடல் பாகங்களோட எண் ஏ-ன்னு ஆரம்பிக்கும், டூல்ஸுக்கு அவங்க 17 ஆயிரம் வரிசையை ஒதுக்கியிருந்தாங்க, அதனால ஏ-17 ஆயிரத்துச் சொச்சம்னு ஒரு எண் தெரிஞ்சா நல்ல அடையாளம்.

இன்னொண்ணு, கனடான்னு குத்தியிருந்தா அது வேற வண்டியோடதுன்னு நினைச்சிடாதீங்க. பிரிட்டனைத் தவிர மத்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கெல்லாம் வலது பக்கம் ஸ்டியரிங் வெச்ச ஃபோர்டை அனுப்பினது கனடா ஃபோர்டுதான், 1926-ல பம்பாயில தொடங்கின இந்திய ஃபோர்டு கம்பெனியும் அதோட கிளைதான். உங்க அப்பிச்சி வண்டியும் அந்த வழியா வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

உங்க படத்துல வளைஞ்ச கைப்பிடியோட ஒண்ணு இருக்கே, ஒரு பக்கம் ஸ்பார்க் பிளக்குக்கு, மறுபக்கம் எஞ்சின் தலையை இறுக்கற ஹெட் நட்டுக்கு, ஃபோர்டு எழுத்தும் தெரியுது. எனக்கு அதுமேல நம்பிக்கை இருக்கு, ஆனா படத்தைப் பாத்து நம்பறதைவிட வண்டியில மாட்டிப் பாருங்க. ஏ மாடல் பிளக்கு மரை 7/8 இஞ்ச், இப்ப வர்ற பிளக்கெல்லாம் பக்கத்துல வெச்சா குழந்தை மாதிரி இருக்கும், அந்தத் தலையில ஆடாம உக்காந்து, மறுபக்கம் ஹெட் நட்டுலயும் உக்காந்துச்சுன்னா அது இந்த மாதிரி வண்டிக்குன்னே செஞ்சதுதான்.

1/4 டபிள்யூ, 5/16 பிஎஸ்எஃப்னு குத்தின ஸ்பேனர் இந்த வண்டியோடது கிடையாது. அது விட்வொர்த் அளவு, இங்கிலீஷ்காரன் அளவு. அதுல இருக்கற கால் இஞ்ச் வாயோட அகலம் இல்லீங்க, போல்ட்டோட குறுக்களவு, வெர்னியர் அளவுகோல் வெச்சு வாயை அளந்தா 0.525 இஞ்ச், அதாவது 13.3 மில்லிமீட்டர் சுமார் வரும். அமெரிக்க அளவுல இருக்கற ஃபோர்டு நட்டுல அது சரியா உக்காராது. கிணத்துமேட்டுல இங்கிலீஷ் ஆயில் எஞ்சின் ஓடியிருக்குமே, அதோட ஸ்பேனரா இருக்கும், நம்ம பக்கம் பழைய பையில எதைத் திறந்தாலும் இப்படி ரெண்டு கலந்துதான் இருக்கும். இதே ஸ்பேனர் ஒரு பழைய ஆஸ்டினோ மோரிஸோ வெச்சிருக்கறவங்களுக்கு சரியான சாமான்.

பிளேயர்ல வெஸ்ட் ஜெர்மனின்னு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பேர்ல நாடே 1949-ல தான் வந்துச்சு, அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. ஸ்டார் திருப்புளியும் அப்படியேதான், அது திருப்பற, தலையில கூட்டல் குறி மாதிரி பள்ளம் இருக்கற பிலிப்ஸ் ஸ்க்ரூ வண்டிங்கள்ல ஏறினது 1936 வாக்குல, 1929 பையில அதுக்கு வேலையே இல்ல. இங்கிலீஷ் வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், ஏஎஃப்னு குத்தின ஸ்பேனரு (அதுல வாயோட அகலமே அளவு), அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் மரை அளவை ஒண்ணாக்கின 1948 ஒப்பந்தத்துக்கு அப்புறம் வந்த யூனிஃபைடு மரை வண்டிங்களுக்குத்தான் பொருந்தும், முப்பதுகள் வண்டிப் பையில இருந்தா பின்னாடி சேர்ந்தது. குரோம் பூசின சாமானும் அதே மாதிரி சந்தேகம்தான், குரோம் பூச்சு வண்டிங்கள்ல வந்ததே இருபதுகளோட பின்பாதியில, அதுக்கு முந்தி மினுக்குன்னா நிக்கல், சாதாப் பையில வர்றது கருப்பா, ஃபோர்ஜிங் சொரசொரப்போட இருக்கும்.

அடுத்தது அந்தக் கான்வாஸ் பை. அதைத் துவைக்காதீங்க தம்பி! சுருட்டி வெச்ச பையில ஒரு சாமான் நாப்பது அம்பது வருஷம் ஒரே இடத்துல கிடந்தா அதோட உருவம் துணியில துருக்கறையா பதிஞ்சிருக்கும். பையை மேசை மேல விரிச்சு ஒவ்வொண்ணா அந்தக் கறை மேல வெச்சுப் பாருங்க, ஒண்ணு சட்டுனு பொருந்தும், ஒண்ணு நீளமா வெளிய நிக்கும். கறை பொருந்தினா வண்டியோட வந்ததுன்னு ஆயிடாது, ரொம்ப நாள் அங்க இருந்ததுன்னு மட்டும் தெரியும், மத்த அடையாளத்தோட சேர்த்துப் பாக்கணும்.

புதுசா ஃபோர்டு எழுத்தோட செஞ்சு விக்கற சாமானும் இருக்கு, அதனால இனிமே வாங்கிச் சேக்கறதா இருந்தா ஜாக்கிரதை. எழுத்து ரொம்பக் கூரா இருந்து வாய் மட்டும் தேய்ஞ்ச மாதிரி இருந்தாலோ, துரு எல்லாப் பக்கமும் ஒரே சீரா இருந்தாலோ ரெண்டு தடவை யோசிங்க. நிஜமா உழைச்ச ஸ்பேனருக்கு வாய்ல ஒரு ஓரம் மட்டும் மழுங்கியிருக்கும், கைப்பிடியில சுத்தியல் அடி பட்டிருக்கும். ஏ மாடலுக்கு அந்தக் காலத்து இன்ஸ்ட்ரக்‌ஷன் புக்கும், படம் போட்ட பார்ட்ஸ் லிஸ்டும் மறுபதிப்பு கிடைக்குது, அதை வாங்கி வெச்சுட்டு ஒவ்வொண்ணா ஒப்பிட்டா பாதி சந்தேகம் தீர்ந்துடும்.

பிளேயரு, ஸ்டார் திருப்புளி, விட்வொர்த் ஸ்பேனரு மூணையும் தனிப் பையில வெச்சு அப்பிச்சி பேரை எழுதிக் கட்டி வைங்க, தூக்கிப் போட வேண்டாம். கொல்லன் பட்டறையில ப்ளேட் பட்டையை அடிச்சு செஞ்ச டயர் லிவர் ஒண்ணு படத்துல ஓரமா இருக்கு, அது கண்டிப்பா ஃபேக்டரி சாமான் இல்ல, ஆனா கொழிஞ்சாம்பாறை ரோட்டுல டயரு கழட்டினது அதை வெச்சுத்தான், என்னைக் கேட்டா அதுக்கு வண்டிக்குள்ளயே இடம் கொடுப்பேன். விலை பேசறவருகிட்ட வண்டியில்லாம டூல்ஸை மட்டும் தரமாட்டேன்னு சொல்லுங்க, ஒரு தடவை பிரிஞ்ச செட்டை மறுபடி சேக்கறது ரொம்பக் கஷ்டம்.

பேரே இல்லாத அந்த ஸ்க்ரூ ஸ்பேனரைப் பத்தி மட்டும் படத்தைப் பாத்து என்னால சொல்ல முடியல. ஊறப் போட்டு, திருகுக்குப் பக்கத்துல, வாய்க்குக் கீழ ரெண்டு பக்கமும் சாக்பீஸ் தடவிப் பாருங்க, எழுத்து ஏதாச்சும் எழும்பினா டார்ச் சாய்ச்சு ஒரு படம் எடுத்து அனுப்புங்க.