கதை சொல்லவா நான்கு ஆண்டு படித்தாள்?

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற சனிக்கிழமை ஆலோசனைக்காக என்னிடம் வந்திருந்தபோது, உங்கள் மகள் தண்ணீர் எடுக்க வெளியே போன நேரம் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டீர்கள்: "கதை சொல்லவா இவள் நான்கு ஆண்டு பல்கலைக்கழகத்தில் படித்தாள்?" அவள் உடனே திரும்பிவிட்டதால் உங்களுக்கு மட்டும் கேட்கும்படி பதில் சொல்ல முடியவில்லை. எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆங்கில இலக்கியப் பட்டம் வாங்கியாயிற்று. தொடக்கப்பள்ளி ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்முகத்துக்குக் காத்திருக்கிறாள். இந்த இடைவெளியில் முதுகலைக்குச் சேரலாமே என்கிறீர்கள். அவளோ வாரக் கடைசியில் தேசிய நூலக வாரியத்தின் கிட்ஸ்ரீட் குழுவுக்குப் போய், சிறு பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறாள். அது தொண்டூழியம், சம்பளமில்லை. பார்ப்பவர்களுக்குப் பொழுதுபோக்காகத்தான் தெரியும்.

அன்று அவளை, நம் சிங்கப்பூரின் ரெட்ஹில் வட்டாரத்துக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லச் சொன்னேன். நீங்கள் கைப்பேசியில் மும்முரமாக இருந்தீர்கள், அதனால் நடந்ததை எழுதுகிறேன். வாள்மீன்கள் கரையோர மக்களைக் குத்திக் கொன்ற கதைதான். வாழைத்தண்டுகளை வரிசையாக நிறுத்தினால் மீன்களின் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் வழி சொல்கிறான். ஊர் பிழைக்கிறது. இத்தனை அறிவுள்ளவன் நாளை நமக்கே வினையாவான் என்று அஞ்சிய அரசர் அவனைக் கொல்லச் சொல்கிறார். அவன் இரத்தம் வழிந்து குன்று சிவந்தது என்பார்கள்.

முதல் தடவை கிளிப்பிள்ளை போல ஒப்பித்தாள். உச்சரிப்பில் குறையில்லை, ஆனால் இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிட்டது. "நான் தொடக்கநிலை இரண்டில் படிக்கும் பையன், எனக்குச் சொல்லு" என்று மறுபடி கேட்டேன். இம்முறை சிறுவன் வழி சொன்ன இடத்தில் நிறுத்தி, அரசருக்கு எப்படி இருந்திருக்கும் என்று என்னைக் கேட்டாள். நான் வேண்டுமென்றே "ஹேப்பி" என்று ஒற்றைச் சொல்லில் நின்றேன். அவள் அசரவில்லை. ஆமாம், அரசர் மகிழ்ந்தார், ஆனால் அந்த மகிழ்ச்சி இரவு வரைகூட நிலைக்கவில்லை என்று என் ஒரு சொல்லை முழு ஆங்கில வாக்கியமாக்கி என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டு, கதையைத் தொடர்ந்தாள். நான் சொன்னதைக் குறை என்று அவள் சொல்லவில்லை. ஆனாலும் அது வளர்ந்து வந்தது. அம்மா, இதுதான் மொழி ஆசிரியரின் தொழில். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு வந்திருக்கிறது. சொல்லிக்கொடுத்தால் எங்கே போவாள் என்று யோசித்துப் பாருங்கள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 48.3 விழுக்காடு. 2010-ல் அது 32.3 விழுக்காடுதான். இதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளுக்குத்தான் ஆங்கிலம் வருகிறதே, ஆசிரியருக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று காது கொடுத்துக் கேட்டால் தெரியும். சாப்பிடு, குளி, பையை எடு, நேரமாகிறது. எல்லாம் மூன்று சொல்லுக்குள் முடியும் ஏவல்கள். பயிற்சித்தாளில் இறந்தகால வினைகளைப் பிழையில்லாமல் நிரப்பும் பிள்ளை, வாயைத் திறந்தால் "யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்" என்கிறது. கதை என்பதே நடந்து முடிந்ததைச் சொல்வது. அரை மணி நேரம் கதை கேட்கும் பிள்ளையின் காதில் இறந்தகாலம் விதியாக விழாமல் பழக்கமாக விழுகிறது. காரணம், விளைவு, "அதற்குள்", "இருந்தபோதிலும்" எல்லாம் அதன் பின்னாலேயே வந்து சேரும்.

நம் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஸ்டெல்லார் பாடமுறையும் இந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். கீழ்நிலை வகுப்புகளில் ஆசிரியர் பெரிய புத்தகத்தைத் தாங்கியில் வைத்து எல்லாரோடும் சேர்ந்து வாசிப்பார். பிறகு அதையொட்டி ஏதாவது செய்து பார்த்து, முதலில் வகுப்பாக, அடுத்துக் குழுவாக, கடைசியில் தனித்தனியாக எழுதுவார்கள். புத்தகம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். அதை உயிரோடு வைத்திருப்பதும் சாகடிப்பதும் பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியிலும் வாய்விட்டு வாசிப்பதும் உரையாடலும் உண்டு என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி வேலைக் கணக்கு. தேர்வானால் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறுவாள். கட்டணத்தைக் கல்வி அமைச்சே ஏற்றுக்கொள்ளும், பயிற்சிக் காலத்தில் சம்பளமும் உண்டு. முடித்த பிறகு மூன்றாண்டு பணி ஒப்பந்தம். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை தொழில்சார் பயிற்சி பெற உரிமை உண்டு. ஆங்கில ஆசிரியர்களுக்கென்றே 2011-ல் சிங்கப்பூர் ஆங்கில மொழிக் கழகம் தொடங்கப்பட்டது. வகுப்பறையை விட்டு நிர்வாகத்துக்குப் போனால்தான் உயர்வு என்ற நிலையும் இப்போது இல்லை. கற்பித்தல் பாதையிலேயே சீனியர் டீச்சர், லீட் டீச்சர், மாஸ்டர் டீச்சர் என்று மேலே போகலாம். அந்தப் பதவிகளில் இருப்பவர்களின் வேலையே சக ஆசிரியர்கள் வளரக் கைகொடுப்பதுதான்.

ஆகவே முதுகலை இப்போது வேண்டாம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். மூன்று ஆண்டு வகுப்பெடுத்தபின், "அமைதியான பிள்ளைகள் ஏன் குழுவில் பேசுகிறார்கள், வகுப்பில் பேசுவதில்லை?" என்பது போல அவளுக்கே ஒரு கேள்வி முளைக்கும். அந்தக் கேள்வியோடு படிக்கப் போகட்டும். வாரக் கடைசியில் "கதைசொல்லிச் சான்றிதழ்" தருவதாகச் சொல்லிப் பல நூறு வெள்ளி கேட்கும் தனியார் வகுப்புகளுக்கும் இப்போது போக வேண்டாம். 25 வயது ஆகாததால் பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையும் அவளுக்குக் கிடைக்காது, உங்கள் பணம்தான் போகும். அதைவிட, கிட்ஸ்ரீட் முடிந்து வீடு திரும்பும் எம்ஆர்டி ரயில் பயணத்தில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: எந்த இடத்தில் பிள்ளைகள் நெளிந்தார்கள், எந்தக் கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் பதில் வந்தது, அடுத்த முறை எதை மாற்றுவாள். நேர்முகத்தில் பேச அவளுக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

வீட்டில் உங்கள் மாமியார் கதை சொல்வார் என்றாளே, அதையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகட்டும். தமிழில் பாட்டி எங்கே இழுக்கிறார், எங்கே குரலை இறக்குகிறார் என்று கவனித்தாலே பாதிப் பயிற்சி ஆகிவிடும். தொண்டையை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் ஆண்டிலேயே குரலைத் தொலைத்த இளம் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் அவர்களில் ஒருத்தி. கத்துவதைவிட நிறுத்தினால் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குப் புரிய இரண்டு ஆண்டு ஆயிற்று.

உண்மையில் என் கவலை வேறு, அம்மா. கதை சொல்வது அவளுக்கு வரும். கட்டுரை திருத்துவது வருமா? தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் வகுப்புக்கு 30 பிள்ளைகள் அளவில் இருப்பார்கள், மேல்வகுப்புகளில் 40 வரை போகும். ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஒரு வகுப்பை முடிக்க ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். "திடீரென்று அலாரம் அடித்தது, அது வெறும் கனவு" என்று முடியும் அதே கட்டுரையை இருபத்தேழாவது தடவை படிக்கும்போதும் அந்தப் பிள்ளையிடம் ஒரு நல்ல வாக்கியத்தைத் தேடும் பொறுமை வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் வேலையை விடுவதாக என்னிடம் வந்து சொன்னபோதெல்லாம் காரணம் பெரும்பாலும் இந்தக் கட்டுரைக் கட்டுதான். கதை சொல்லிக் களைத்துப்போனேன் என்று இதுவரை யாரும் வந்ததில்லை.

அதனால் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை மறுபடி அழைத்து வாருங்கள். பெயர்களை நீக்கிய பத்துக் கட்டுரைகளும் ஒரு பச்சைப் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறேன். பத்தாவது கட்டுரையிலும் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருங்கள். இரண்டு மணி நேரம் ஆகும்.