புது சைக்கிளுக்கு எந்த ஹேண்டில், என்னென்ன மாட்டலாம்? கேள்வி பதில்

கேள்வி: வேலைக்கும் சாமான் வாங்கவும் நேர் ஹேண்டில் சைக்கிள் எடுத்தேன். அரை மணி ஓட்டினாலே உள்ளங்கை மரத்துப் போகிறது. ஹேண்டிலை மாற்றலாமா?

பதில்: முதலில் சீட்டைப் பாருங்கள். அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுக்கக் கையில் இறங்கும். சமமாக வைத்த பிறகும் கை மரத்துப் போனால் தாராளமாக மாற்றுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நின்றால் உள்ளங்கை தொடையைப் பார்த்துத்தான் இருக்கும், நேர் ஹேண்டிலோ மணிக்கட்டைத் திருகிப் பிடிக்க வைக்கிறது, பின்னால் வளைந்த ஹேண்டிலில் அந்தத் திருகல் குறையும். ஸ்டெம், அதாவது ஹேண்டிலைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு, கவ்வும் இடம் 25.4 மிமீயா 31.8 மிமீயா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். கைப்பிடி ஏறும் பகுதி 22.2 மிமீ என்றால் பழைய பிரேக் லிவரே போதும். மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். கேபிள் விறைத்து இழுத்தால் நீளமானது போடுங்கள், முனை முழங்காலில் இடித்தால் ஸ்டெம்மையும் நீளமாக மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: ரேஸ் சைக்கிள் ஹேண்டில் போடலாமா?

பதில்: வேண்டாம். அதன் குழாய் 23.8 மிமீ, உங்கள் லிவர் ஏறாது, செலவு இழுத்துக்கொண்டே போகும்.

கேள்வி: முன் கூடையா, பின் கேரியரா?

பதில்: கேரியர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹேண்டிலில் தொங்கும் கூடை ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். நான் அதில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டிலை வைத்து ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன், கையை எடுத்ததும் முன்சக்கரம் மடங்கி வண்டியே சாய்ந்துவிட்டது. கேரியரில் தாங்கும் எடை பொறித்திருக்கும், 25 கிலோ பரவலாகக் கிடைப்பது. கனமானதை இரு பக்கப் பைகளின் அடியில் வையுங்கள், பாரம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு ஆட்டம் குறையும். அப்புறம், பெடல் சுற்றும்போது குதிகால் பையில் உரசினால் பையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டுங்கள். கேரியர் போல்ட் ஓட்ட ஓட்டத் தளரும், முதல் சில வாரம் அடிக்கடி முடுக்கிப் பாருங்கள்.

கேள்வி: மட்கார்டு எவ்வளவு அகலம்?

பதில்: டயரை விட 10 மிமீ அகலம் இருந்தால் நல்லது. முன் மட்கார்டின் அடியில் தொங்கும் ரப்பர் பட்டையும் இருக்கட்டும், ஷூ நனையாது.

கேள்வி: விளக்கு?

பதில்: தினமும் இருட்டில் போகிறீர்கள் என்றால் ஹப் டைனமோ, அதாவது சக்கரத்தின் நடுவில் இருந்து, சக்கரம் சுற்றும்போதே விளக்குக்கு மின்சாரம் தருவது. 6 வோல்ட், 3 வாட், சார்ஜ் போட மறக்கிற கவலை இல்லை. எப்போதாவதுதான் என்றால் பேட்டரி விளக்கே போதும், ஆனால் பின் விளக்கைக் கேரியரின் பின்முனையில் மாட்டுங்கள், சீட்டுக்கு அடியில் மாட்டினால் மேலே கட்டும் மூட்டை மறைத்துவிடும்.