பழைய ஸ்விட்ச், அமெரிக்க சார்ஜர், போலி கேசட்: கையடக்க கேம் கருவி வாங்குவோருக்கு

கேள்வி: கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகன் நின்டெண்டோ ஸ்விட்ச் ஓஎல்இடி கேட்கிறான். புதிது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒருவர் பழையது தருகிறார். "உள்ளேயே அறுபது கேம் இருக்கு, தனியா எதுவும் வாங்க வேண்டாம்" என்கிறார். நம்பி வாங்கலாமா? நேரில் போய் எதைப் பார்ப்பது?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அந்த அறுபது கேமுக்காக ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அவை இரண்டு விதமாகத்தான் வந்திருக்க முடியும். ஒன்று, விற்பவர் தன் நின்டெண்டோ கணக்கில் காசு கொடுத்து வாங்கியவை. அப்படியானால் அவை அந்தக் கணக்குக்குச் சொந்தம், கருவிக்கு இல்லை. அவர் கணக்கை நீக்கியதும் கேம்களும் போய்விடும். இன்னொன்று, கருவிக்குள் சிப் வைத்தோ மென்பொருளை மாற்றியோ திருட்டுத்தனமாக ஏற்றியவை. இரண்டாவது வகைதான் அதிக ஆபத்து. அப்படி மாற்றிய கருவி இணையத்தில் சேர்ந்ததை நின்டெண்டோ கண்டுபிடித்தால், அந்தக் கருவியையே தன் சேவையிலிருந்து தடை செய்துவிடும். அதன் பிறகு கேம் வாங்க முடியாது, நண்பர்களோடு ஆன்லைனில் ஆட முடியாது. முழுவதும் அழித்து ரீசெட் செய்தாலும் தடை நீங்காது, ஏனென்றால் தடை விழுவது கருவியின் அடையாளத்தின் மேல்.

அதனால் நேரில் போனதும் முதல் வேலை இதுதான்: உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஸ்விட்சை இணைத்து, மகனின் கணக்கைச் சேர்த்து, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் திறந்து பாருங்கள். கடை திறந்தால் நல்லது. 2124-4007 என்ற பிழை எண் வந்தால் அது தடை செய்யப்பட்ட கருவி. விலை எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். "வைஃபை சரியில்லை, வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்று விற்பவர் சொன்னாலும் அதே முடிவுதான். கணக்கை மகன் முன்கூட்டியே போனில் உருவாக்கி வைத்துக்கொண்டால் நேரம் மிச்சமாகும். இந்தியாவுக்கென்று ஈஷாப் கிடையாது என்பதால், கணக்கு தொடங்கும்போது வேறொரு நாட்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கேசட்டும் அந்த நாட்டுப் பதிப்பாகவே வாங்குங்கள். ஸ்விட்ச் கேசட் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும், உண்மைதான். ஆனால் பின்னால் அதற்குக் கூடுதல் பகுதி வாங்கும்போது, கேசட்டின் நாடும் கணக்கின் நாடும் ஒன்றாக இல்லாவிட்டால் அது சேராமல் போகலாம். பணம் போன பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

அடுத்தது அனலாக் ஸ்டிக். ஸ்விட்சின் இரு பக்கமும் மாட்டும் கண்ட்ரோலரான ஜாய்கானில் டிரிஃப்ட் என்ற கோளாறு மிகப் பரவலானது: கை வைக்காமலே பாத்திரம் தானாக நடக்கும். ஸ்டிக்கின் அடியில் ஒரு கார்பன் பட்டை இருக்கிறது, அதன் மேல் சிறு உலோக முனை உரசிக்கொண்டே போகும். பட்டை தேய்ந்தால் கருவிக்குத் தவறான நிலை தெரியும். இதைச் சோதிக்க, செட்டிங்ஸில் கண்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், அதில் கேலிபிரேட் கண்ட்ரோல் ஸ்டிக்ஸ் என்று போங்கள். ஒரு வட்டம் வரும். ஸ்டிக்கை நாலு பக்கமும் நன்றாகச் சுழற்றிவிட்டு சட்டென்று விரலை எடுங்கள். குறி ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். பத்து முறை செய்து பாருங்கள், இரண்டு மூன்று முறை ஓரமாக நின்றாலும் டிரிஃப்ட் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கேலிபிரேட் செய்து சரியாகிவிட்டதாகக் காட்டுவார்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்தாலும் கொஞ்ச நாள் சரியாக ஓடும். தேய்ந்த பட்டை இரண்டாலும் வளராது.

டிரிஃப்ட் இருக்கிறது என்பதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை, விலையைக் குறைத்துப் பேச அது நியாயமான காரணம். ஸ்டிக்கை மட்டும் மாற்ற முடியும். காந்தத்தால் வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போட்டால் உரசித் தேயும் பட்டையே அதில் இல்லை. ஜாய்கானின் பின்பக்கம் நான்கு ஸ்க்ரூ, மூன்று கால் தலை கொண்டவை, அதற்கு ஒய்00 டிரைவர் வேண்டும். சாதாரண ஸ்டார் டிரைவரை அழுத்தித் திருகினால் தலை வழுக்கி, பிறகு எதற்கும் வராது. உள்ளே பேட்டரி உட்காரும் பிளாஸ்டிக் தட்டை மூன்று சிறு ஸ்டார் ஸ்க்ரூ பிடித்திருக்கும், ஸ்டிக்கை இரண்டு. இடையில் பேப்பர் போன்ற ரிப்பன் கேபிள்கள் இரு பாதிகளையும் இணைக்கும். மூடியைப் புத்தகம்போல மெதுவாகத் திறக்க வேண்டும், இழுத்தால் ரிப்பன் கிழியும். ரிப்பன் நுழையும் சாக்கெட்டில் நகம் அளவுகூட இல்லாத ஒரு தாழ் இருக்கிறது, அதைத் தூக்கிய பிறகுதான் கேபிளை உருவ வேண்டும். ரிப்பேருக்குப் போகிற ஜாய்கான்களில் இந்தத் தாழ் உடைந்தவை நிறைய.

பேட்டரிக்கு ஒரு எளிய சோதனை. சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு கேமை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஓஎல்இடி மாடலுக்கு நின்டெண்டோ சொல்வது நாலரை முதல் ஒன்பது மணி நேரம். கனமான கேம் ஆடினாலும் 20 நிமிடத்தில் ஏழு, எட்டு சதவீதம்தான் இறங்க வேண்டும். பதினைந்து இறங்கினால் பேட்டரி மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். சாதாரண எல்சிடி ஸ்விட்ச் பார்ப்பதாக இருந்தால் அதில் அச்சிட்ட மாடல் எண்ணைப் பாருங்கள். எச்ஏசி-001 என்று மட்டும் இருந்தால் 2017-இல் வந்த முதல் வகை, இரண்டரை மணி நேரத்திலேயே தீர்ந்துவிடலாம். எச்ஏசி-001(-01) என்றிருந்தால் 2019 முதல் வந்தது, பேட்டரி அளவு அதே 4310 எம்ஏஎச்தான் என்றாலும் சிப் குறைவாகத் தின்பதால் நாலரை மணிக்குக் குறையாமல் நிற்கும். இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிறவர்கள் உண்டு.

டிவியில் இணைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்குக்கு 15 வோல்ட், 2.6 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜர் கருவிக்கு சார்ஜ் ஏற்றும், ஆனால் பெரும்பாலானவற்றால் டாக்கில் படம் வராது. விற்பவர் ஒரிஜினல் அடாப்டரைத் தொலைத்திருந்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். ஒரு கேசட் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள், இரண்டு ஜாய்கானையும் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று: ஓஎல்இடி திரையின் மேல் மெல்லிய ஒரு தாள் ஒட்டியிருக்கும். போன் டப்பாவில் வரும் தாள்போல இருக்கிறதே என்று ஓரத்தை நகத்தால் கிளப்பிவிடாதீர்கள். திரை உடைந்தால் கண்ணாடி சிதறாமல் பிடிக்க நின்டெண்டோவே ஒட்டியது அது. டெம்பர்டு கிளாஸை அதன் மேலேயே ஒட்ட வேண்டும். மதுரை வெயிலுக்கும் ஒரு வார்த்தை. 5 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது நின்டெண்டோ. சித்திரை மதியம் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் டாக்கில் போட்டு ஆடினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். காற்று வெளியேறும் மேல் துளையை மூடாமல் வையுங்கள், மெத்தைமேல் வைத்து ஆட விடாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த என் மகள் பேரனுக்கு ஒரு பழைய நின்டெண்டோ டிஎஸ் லைட்டும் அதன் சார்ஜரும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நம் சுவிட்ச் போர்டில் பின் நுழையவில்லை. பின் மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கினால் போதுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சார்ஜரை எடுத்து, அதன் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். இன்புட் என்ற வரியில் 100-240 வோல்ட் என்றிருந்தால் கன்வெர்ட்டர் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் செருகவே செருகாதீர்கள். டிஎஸ் லைட், 3டிஎஸ் காலத்து அமெரிக்க நின்டெண்டோ சார்ஜர்கள் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. நம் வீட்டில் வருவது 230. கன்வெர்ட்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது. செருகினால் சார்ஜர் கருகும்.

நல்ல வழி, யூஎஸ்பி கேபிள். ஒரு முனையில் யூஎஸ்பி, மறு முனையில் டிஎஸ் லைட் பின் உள்ள கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. அதைச் சாதாரண 5 வோல்ட் போன் சார்ஜரில் செருகலாம். டிஎஸ் லைட்டின் பின்னும் 3டிஎஸ்-இன் பின்னும் வேறு வேறு, மாடலைச் சொல்லிக் கேளுங்கள். சோனியின் பிஎஸ்பி, நின்டெண்டோவின் ஸ்விட்ச் ஆகியவற்றின் ஒரிஜினல் அடாப்டர்கள் எந்த நாட்டு மின்சாரத்துக்கும் ஏற்றவை. அவற்றுக்குப் பின் மட்டும் மாற்றினால் போதும்.

நீண்ட நாள் பெட்டிக்குள் இருந்த கருவி என்றால், சார்ஜ் போடும் முன் பின்பக்க பேட்டரி மூடியைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள். பழைய பிஎஸ்பி வைத்திருப்பவர்களும் இதைப் பார்ப்பது நல்லது, அதில் மூடியே தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கேள்வி: பஜாரில் வாங்கிய "400 இன் 1" சப் கேம் பாக்ஸ் சில மாதங்களில் சார்ஜ் நிற்பதை விட்டுவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். பின்மூடியைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் உள்ளே இருப்பது பிஎல்-5சி பேட்டரி. நோக்கியா 1100-இல் போட்டோமே, அதேதான். கூடவே வரும் பேட்டரி பெயருக்குத்தான், அதில் அச்சிட்ட எம்ஏஎச்சை நம்பாதீர்கள். மொபைல் கடையில் பெயருள்ள கம்பெனி பிஎல்-5சி ஒன்று வாங்கிப் போடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பார்க்கலாம்: முழு சார்ஜில் 4.2 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இரவு முழுக்க சார்ஜில் போட்டும் மூன்றைத் தாண்டவில்லை என்றால் பேட்டரி செத்துவிட்டது. புதிய பேட்டரியிலும் சார்ஜ் ஏறாவிட்டால் சார்ஜிங் சாக்கெட்டின் சால்டர் விட்டிருக்கும், மொபைல் ரிப்பேர் கடையில் பற்றவைத்துத் தருவார்கள்.

இந்த வகைக் கருவிகளையும், லினக்ஸில் ஓடும் ஆர்36எஸ் போன்ற மலிவு சீனக் கருவிகளையும் 5 வோல்ட் சாதாரண சார்ஜரில் மட்டும் போடுங்கள். டைப்-சி சாக்கெட் இருந்தும் இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சார்ஜ் ஏறாத கருவிகள் இவற்றில் நிறைய. "நான் 5 வோல்ட் கேட்கும் கருவி" என்று சார்ஜருக்குச் சொல்லும் இரண்டு பொடி ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பதுதான் காரணம். பழைய அகல யூஎஸ்பி முனை கொண்ட கேபிளைப் போட்டால் ஏறிவிடும். கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கேம்பாய் அட்வான்சுக்கு போகிமான் எமரால்ட் கேசட் ஆன்லைனில் வாங்கினேன். பல மணி நேரம் ஆடி சேவ் செய்தது மறுநாள் இல்லை. விற்றவர் "உள் பேட்டரி போயிருக்கும், சகஜம்" என்கிறார்.
— ஒரு வாசகர், சென்னை

பதில்: அவர் சொல்வது எமரால்டுக்குப் பொருந்தாது. போகிமான் வரிசையில் ஒரிஜினல் எமரால்ட், ரூபி, சஃபையர் மூன்றிலும் உள்ள சிஆர்1616 பேட்டரி கேமுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு மட்டும். சேவ் தனியாக, பேட்டரி தேவைப்படாத ஃப்ளாஷ் சிப்பில் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் அப்படியே திரையில் அறிவிக்கும், சேவ் அழியாது. பேட்டரியோடு சேவும் போகிறது என்றால் கேசட் போலி. ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டில் பேட்டரியே கிடையாது, இருந்தால் அதுவும் போலி. கோல்ட், சில்வர், கிரிஸ்டல் போன்ற பழைய கேம்பாய் கலர் கேசட்டுகளில்தான் சேவ் பேட்டரியை நம்பி இருக்கிறது, "சகஜம்" என்பது அவற்றுக்குச் சரி.

திறக்காமலே பார்க்க ஒரு வழி. முன்பக்க ஸ்டிக்கரின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஒரிஜினலில் இரண்டு இலக்க எண் அச்சிடப்படாமல் அழுத்திப் பதித்ததுபோல் மங்கலாகத் தெரியும், சிலவற்றில் பக்கத்தில் ஓர் எழுத்தும் இருக்கும். பிறகு கேசட்டைக் கவிழ்த்து, கீழ்ப்பக்கத் தங்கநிறக் கம்பிகளுக்குச் சற்று மேலே உள்ளே பாருங்கள், போர்டில் நின்டெண்டோ என்ற பெயர் பொடியாகத் தெரிய வேண்டும். விற்பவரிடம் இந்த இரண்டு படத்தையும் கேட்டு வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: பிளேஸ்டேஷன் போர்ட்டல் மட்டும் வாங்கி கேம் ஆட முடியுமா? வீட்டில் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) இல்லை.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: முடியாது. போர்ட்டலில் கேம் ஓடுவதில்லை, உங்கள் பிஎஸ்5-இல் ஓடும் கேமை வைஃபை வழியாகக் கொண்டுவந்து 8 அங்குலத் திரையில் காட்டும் கருவி அது. இணையம் குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக ஆட 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்று சோனியே சொல்கிறது. பிஎஸ்5 இல்லாமல் கிளவுடிலிருந்து, அதாவது சோனியின் சர்வரில் ஓடும் கேமை இணையம் வழியாக ஆடும் வசதி வெளிநாடுகளில் பிளேஸ்டேஷன் பிளஸ் பிரீமியம் சந்தாவோடு வருகிறது. இந்தியாவில் அதற்குப் பதில் விற்கப்படும் டீலக்ஸ் சந்தாவில் கிளவுட் கிடையாது. வெளிநாட்டு யூடியூப் வீடியோ பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: கடைக்காரர் "இம்போர்ட் பீஸ், பில் கிடையாது, கடை வாரண்டி ஆறு மாதம்" என்கிறார். ஏற்கலாமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: பில் இல்லாத கடை வாரண்டி, அவர் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகை, அவ்வளவுதான். சட்டப்படி இறக்குமதிப் பொருளின் டப்பாவில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் அச்சிட்டோ ஒட்டியோ இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் முறையாக வந்த சரக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கணினி பில் தர மறுத்தால், கடை முத்திரையுடன் கையால் எழுதிய ரசீதாவது கேளுங்கள். அதில் மாடல், கருவியின் அடியில் உள்ள சீரியல் எண், விலை, தேதி, "ஆறு மாத வாரண்டி" என்ற சொல், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். பணத்தை யூபிஐயில் கடையின் பெயருக்கே அனுப்புங்கள், கடைப் பையனின் சொந்த எண்ணுக்கு வேண்டாம். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. ரசீதும் தர மாட்டேன் என்பவரிடம் 25,000 ரூபாய்ப் பொருளை வாங்காதீர்கள்.